ஒரு முயற்சி மீதமுள்ளது

1

இந்தக் கதை ஒரு பொத்தானிலிருந்து பிறந்தது. அந்தப் பொத்தானில் 'பிறகு நினைவூட்டு' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று: 'இப்போதே புதுப்பி'. மூன்றாவதாக 'வேண்டாம்' என்று ஒன்று இருந்திருந்தால் கதையே இல்லை. நீங்களும் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்துகொண்டிருப்பீர்கள்.

வேறு மாதிரியும் தொடங்கிப் பார்த்தேன்.

'அவள் இறந்து பத்து மாதங்களுக்குப் பிறகும் கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.' பேய்க்கதை என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். அது தரை பெருக்கும் இயந்திரம் என்று தெரிந்ததும் பாவி ஏமாற்றிவிட்டான் என்பீர்கள். அடித்துவிட்டேன்.

'தொழில்நுட்பம் மனித வாழ்வை' — இதை முடிக்கவில்லை. இப்படித் தொடங்கிய வாக்கியம் எதுவும் நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தொடக்கம் ஒரே சொல். 'நான்.' அதற்கு மேல் கை ஓடவில்லை. அதை எடுத்துவிட்டு 'அவன்' என்று போட்டேன். ஓடியது.

ஆகவே, அவன்.

2

அவனுக்கு வேலை, இயந்திரங்களைத் தமிழில் பேச வைப்பது. எங்கோ செய்யப்படும் துவைக்கும் இயந்திரம், அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் திரையில் காட்டும் வரிகளும் வாயால் சொல்லும் வரிகளும் ஓர் அட்டவணையில் வந்து சேரும். இடப்பக்கம் ஆங்கிலம். வலப்பக்கம் காலி. காலியை அவன் நிரப்ப வேண்டும். நாற்பது எழுத்துக்கு மேல் போகக்கூடாது. பேச்சுவழக்கு கூடாது. ஆச்சரியக்குறி கூடவே கூடாது.

'கதவு சரியாக மூடப்படவில்லை.' 'நீர்வரத்து தடைபட்டுள்ளது.' எட்டு வருஷமாக இதுதான். நீங்கள் எரிச்சலோடு அழுத்தும் 'பிறகு நினைவூட்டு'கூட அவன் போட்டதாக இருக்கலாம். இடப்பக்கத்தில் 'வேண்டாம்' இல்லாவிட்டால் வலப்பக்கத்தில் அவனால் அதை உண்டாக்க முடியாது. இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பாள். வீட்டுக்கு வந்தால் அவன் தமிழை எடுத்து வைத்துக்கொண்டு அவனை ஒரு வழி பண்ணுவாள். சாப்பிடக் கூப்பிட்டு அவன் எழுந்து வராவிட்டால், 'உணவு தயார்நிலையில் உள்ளது, பயனர் கண்டறியப்படவில்லை' என்பாள். சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், 'இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது' என்று சமையலறையிலிருந்து அறிவிப்பு வரும்.

ஒருநாள் தரை பெருக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். வட்டமாக, கறுப்பாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. கடையில் அதை ஓடவிட்டுக் காட்டினார்களாம். அது வாயைத் திறந்து 'துப்புரவுப் பணி நிறைவுற்றது' என்றதாம். அது அவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த வரி. கடைக்காரர் பயந்துபோகும் அளவுக்கு அங்கேயே நின்று சிரித்திருக்கிறாள். அப்புறம் வாங்கிவிட்டாள்.

அதற்கு ஆமை என்று பெயர் வைத்தாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அவள் அம்மா எச்சரித்தாள். உருப்பட்டு என்ன கிழிக்கப் போறோம் என்று இவள் சொன்னாள்.

[அந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டு கதையை நகர்த்தலாம் என்று முதல் வரைவில் ஆசைப்பட்டேன். ஆமை புகுந்தது, வீடு போயிற்று. கேவலமான ஆசை. பழமொழிகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்யத் தெரியாது.]

3

ஆமையின் செயலியில் ஒரு வசதி இருந்தது. கம்பெனியின் குரல் பிடிக்காவிட்டால் உங்கள் குரலையே பதிந்து ஏற்றலாம். மொத்தம் ஆறு வாசகங்கள். ஆறையும் பதிந்தால்தான் ஏற்றுக்கொள்ளும்.

அவனை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையறையில் பதிந்தாள். எதிரொலி வரக்கூடாது என்று துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாளாம். ஓர் ஆள் ஓர் இயந்திரத்துக்காக அலமாரிக்குள் தலையை விடுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. குரல் மட்டும் கதவு வழியாக மழுங்கலாகக் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. ஆறாவதை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் பாதியில் சிரித்துவிட்டாள். நாலாவது தடவை சிரிக்காமல் முடித்துவிட்டு, அதற்கப்புறம் சிரித்தாள்.

அவன் எழுதிய 'துப்புரவுப் பணி தொடங்குகிறது' அவள் வாயில், "வேலைக்குப் போறேன், குறுக்க நிக்காத" ஆயிற்று. 'துப்புரவுப் பணி நிறைவுற்றது', "முடிச்சாச்சு. பாராட்டலாம்." 'மின்னூட்டம் குறைவாக உள்ளது' என்பதற்கு ஒரே சொல்: "பசிக்குது." குப்பைப் பெட்டி நிரம்பினால், "வயிறு நெறஞ்சிருச்சு, கொட்டுடா." ஐந்தாவது, 'சாதனம் சிக்கியுள்ளது. தடையை அகற்றவும்.' அதற்கு அவள் குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல, "மாட்டிக்கிட்டேன், வந்து எடு" என்று சொல்லியிருந்தாள்.

ஆறாவது, ஆமைக்குத் தன் இடம் தெரியாமல் போகும்போது சொல்ல வேண்டியது. வேலை முடிந்ததும் அது கூடத்துச் சுவரோரம் இருக்கும் மின்னூட்டத் தளத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். தளத்தைக் காணாவிட்டால் அந்த வாசகம் வரும். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் எதுவும் வழி தவறாது. அதனால் ஆறாவதை அவன் கேட்டதே இல்லை. என்ன சொல்லி வெச்சிருக்க என்று கேட்டதற்கு, தொலைஞ்சா தெரியும் என்றாள்.

4

அவள் எப்படிப் போனாள் என்பது இந்தக் கதையில் கிடையாது. ஒன்பது வரி எழுதினேன். பதினோரு நாள், ஒரு மருத்துவமனை, கண்ணாடிக் கடையிலிருந்து வந்த பூங்கொத்து. எடுத்துவிட்டேன். அந்த வரிகள் நன்றாக இருந்தன, அதுதான் பிடிக்கவில்லை.

போன பிறகு ஆமை பேசிக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குப் போகிறேன் என்றது, முடித்தால் பாராட்டச் சொன்னது. வந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அதை நிறுத்தித் தொலைப்பா என்றார் ஒரு பெரியப்பா. ஒரு அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவன் நிறுத்தவில்லை.

மூன்றாம் மாதம் முதல் கட்டிலுக்கு அடியில் ஒரு காலுறையைப் போட்டு வைக்க ஆரம்பித்தான். நாள் தவறாமல் ஆமை அதை விழுங்கும். விக்கும். "மாட்டிக்கிட்டேன், வந்து எடு." நான் குப்புறப் படுத்து, கையை நீட்டி [அவன் என்று திருத்த வேண்டும்] அதை வெளியே இழுப்பேன்.

ஆறாவதைக் கேட்பது சுலபம். தளத்தைத் தூக்கிக் குளியலறையில் வைத்துவிட்டால் போதும். ஒரு தடவை தூக்கக்கூடச் செய்தான். திரும்ப வைத்துவிட்டான். அவள் இனிமேல் புதிதாக ஒன்று சொல்ல முடியும் என்றால் அது அந்த ஒரு வாக்கியம்தான். கேட்டுவிட்டால் அதுவும் பழையதாகிவிடும். அதனால் வைத்திருந்தான்.

இதற்கிடையில் அவன் கைபேசியில் அந்தச் செயலி தினமும் காலை கேட்டுக்கொண்டிருந்தது: இப்போதே புதுப்பி, பிறகு நினைவூட்டு. நாற்பத்தொரு நாள் பிறகு என்றான். நாற்பத்திரண்டாம் நாள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே, மணியைப் பார்க்கத் திரையைத் தொட்டபோது, கட்டைவிரல் பக்கத்துப் பொத்தானில் பட்டுவிட்டது.

சாயங்காலம் வீடு திரும்பிக் காலுறையைப் போட்டு ஆமையை ஓடவிட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு பெண், செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள்:

"சாதனம் சிக்கியுள்ளது. தடையை அகற்றவும்."

அவன் எழுதிய வரி. எழுத்துப் பிழை இல்லை, நாற்பது எழுத்துக்குள் இருந்தது.

5

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள். நான் உங்களிடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். இந்த ஆள் அந்தக் குரலை ஏன் கைபேசியில் பதிந்து வைக்கவில்லை? படித்தவன்தானே, கணினி முன்னால் உட்கார்ந்து சோறு தின்கிறவன்தானே?

எனக்கும் இங்கே அவன்மேல் சந்தேகம் வந்தது. கதைக்கு வசதியாக முட்டாளாக்கிவிட்டேனோ என்று. 'பதிந்தான், ஆனால் அழிந்துவிட்டது' என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

உண்மை இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றைப் பதிந்துவைக்க வேண்டும் என்று தோன்ற, அது போய்விடும் என்று முதலில் தோன்ற வேண்டும். கட்டிலுக்கு அடியில் தினமும் மாட்டிக்கொள்கிற ஒன்று போய்விடும் என்று யாருக்குத் தோன்றும்?

அவள் இருக்கும் காணொளிகள் நிறைய உண்டு. அவற்றில் அவள் கேமராவிடம் பேசுகிறாள். முடியை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் அழகாக. ஆமையில்தான் அவனிடம் பேசினாள்.

6

செயலியைத் திறந்து பழைய குரலைத் திரும்ப ஏற்றப் பார்த்தான். முடியவில்லை. கணக்கு அவளுடையது. அவன் கைபேசியில் அவன் பெயருக்குக் கீழே 'விருந்தினர்' என்று இருந்தது. விருந்தினர் இயந்திரத்தை ஓடவிடலாம், நிறுத்தலாம், புதுப்பிக்கலாம். குரலைத் தொட முடியாது. சொந்த வீட்டில் இரண்டு வருஷமாக விருந்தினராக இருந்திருக்கிறான், இப்போதுதான் கவனித்தான்.

அவள் கைபேசியில் இருந்ததையெல்லாம் அழித்து யாருக்கோ கொடுத்தாயிற்று. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் அவள் எண்ணுக்குக் குறியீடு அனுப்புவதாகச் சொன்னது. அந்த எண்ணுக்குப் பேசினான். ஒரு தச்சர் எடுத்தார். எண் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறதாம், சும்மா சும்மா குறியீடு வந்தால் அழித்துவிடுவாராம். வந்ததைச் சொல்லுங்கள் என்றதற்கு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே போட்டிருக்கிறதே என்றார். மன்னியுங்கள் என்று வைத்தான்.

சேவை மையத்தைக் கூப்பிட்டான். இருபத்தாறு நிமிஷம் இசை. அப்புறம் ஒரு பெண், களைத்த குரல், கனிவானவள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பழைய குரல் கோப்பு கணக்கிலேயே இருக்கிறது, புதுப்பித்த நாளிலிருந்து முப்பது நாள் இருக்கும், முப்பதாம் நாள் மாலை ஆறு மணிக்குத் தானாக அழிந்துவிடும் என்றாள். அதற்குள் கணக்கு வைத்திருப்பவர் உள்ளே போய் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

"கணக்கு உங்க மனைவி பேர்ல இருக்கு சார். அவங்களப் பேசச் சொல்றீங்களா?"

"அவங்க இல்ல."

"எப்ப வருவாங்க சார்?"

நான் எட்டு வருஷமாகச் சொற்களை — [அவன் எட்டு வருஷமாகச் சொற்களை எடைபோட்டு வாழ்கிறவன்.] 'இல்லை' என்ற சொல்லுக்குள் இவ்வளவு இடம் இருப்பது அவனுக்கு அன்றுவரை உறைக்கவில்லை. வீட்டில் இல்லை, ஊரில் இல்லை, உலகத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். சேவை மையப் பெண் அதில் மிகச் சின்ன அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். அவன் திருத்தியிருக்க வேண்டும். திருத்தாமல் சுற்றிவளைத்துக் கேட்டான்.

"ஒருவேளை, பேச்சுக்குக் கேக்குறேன், கணக்கு வெச்சிருக்கிறவங்க இறந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

அவள் திரையைப் பார்த்து வாசித்தாள். சான்றிதழை அனுப்பினால் கணக்கை மூடிவிடுவார்கள். அதிலுள்ள அனைத்தும் ஒரு நாளுக்குள் அழிக்கப்படும். இறந்தவரின் தனியுரிமையைக் காக்கும் பொருட்டு.

"நம்ம விஷயத்துல அப்படி எதுவும் இல்லையே சார்?"

"இல்ல."

"அப்ப அவங்க வந்ததும் பண்ணச் சொல்லுங்க சார். ரகசியக் கேள்விக்குப் பதில் போட்டாலே தெறந்துடும்."

சரி, வந்ததும் சொல்றேன் என்றான்.

7

ரகசியக் கேள்வியைச் செயலி தரவில்லை. பயனரே எழுதிக்கொள்ளலாம். அவள் எழுதியிருந்தாள். தமிழ்தான், ஆங்கில எழுத்தில். உங்களுக்காக மாற்றித் தருகிறேன்:

அவன் எப்பவும் சொல்ற பொய்?

கீழே ஒரு பெட்டி. ஆங்கில எழுத்து மட்டும், இடைவெளி கூடாது, மூன்று முயற்சிகள்.

கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பதில் தெரியும். கண்ணாடிக் கடை வாசலில் அவள் காத்துக்கொண்டு நிற்பாள். எங்க இருக்க என்று கேட்பாள். அலுவலக நாற்காலியைவிட்டு இன்னும் எழுந்திருக்காத அவன் சொல்வான்: "வந்துட்டேன்." உலகத்தில் வேறு எந்த மொழிக்காரனாவது கிளம்பாதபோதே வந்துசேர்ந்துவிடுகிறானா என்று எனக்குத் தெரியாது. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான்.

யோசிக்காமல் தட்டினான். தவறு. இரண்டு முயற்சிகள் மீதமுள்ளன.

அப்போதுதான் எழுத்து நினைவுக்கு வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் ஜனங்கள் இரண்டு கட்சி. 'து'வுக்கு டீக்கடை டீ போட்டு ஹெச் சேர்க்கிறவர்கள் ஒரு கட்சி, டாக்டர் டி போட்டு ஹெச் சேர்க்கிறவர்கள் இன்னொரு கட்சி. அவன் டாக்டர், அவள் டீக்கடை. கல்யாணமான புதிதில் இதற்காகவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டிருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டார்கள்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஐந்து வருஷத்து உரையாடலைக் கைபேசியில் தேடினான். அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்த இடங்கள் எல்லாம் கிடைத்தன. அறுபத்து மூன்று தடவை. எல்லாம் டீக்கடை, கடைசியில் 'ட்டேன்'னுக்கு ஒற்றை டீ. தேடப் போனவன் நடுவில் இருந்ததையும் படித்துவிட்டான். அதற்கு நாலு நாள் ஆயிற்று.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.

தவறு. ஒரு முயற்சி மீதமுள்ளது.

'மீதமுள்ளது' சரியான தமிழ். அவனாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பான்.

8

இருபத்தொன்பதாம் நாள் மச்சினியைக் கூப்பிட்டான். மனைவியின் தங்கை, பல் மருத்துவர். அவளோடு பேசி நாலு மாதம் ஆகியிருந்தது.

ஒருத்தர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், பத்து நிமிஷம் என்று வைத்தாள். பத்தாவது நிமிஷம் கூப்பிட்டாள். அவனைப் போல அல்ல, சொன்ன நேரத்துக்கு வருகிறவள். அவன் நடந்ததைச் சொன்னான். ஆமை என்றதும் முதலில் சிரித்தாள். காலுறை விஷயம் வந்ததும் சிரிப்பு நின்றது. தச்சர், சேவை மையம், இரண்டு தவறு, ஒன்று மீதம் எல்லாம் கேட்டுக்கொண்டாள். கேள்வி என்ன என்று கேட்டாள். சொன்னான்.



"அது இருக்கட்டும். நீங்க எப்படி இருக்கீங்க மாமா?"

"எனக்கென்ன. ஒண்ணுமில்ல, நல்லாதான் இருக்கேன்."

"மாமா."

"ம்."

"அதான் மாமா."

"எது?"

"இப்ப சொன்னீங்களே, அது."

அவனுக்கு உடனே புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள், பல்லைப் பிடுங்கப் போவதை நோயாளியிடம் சொல்வதுபோல.

"அக்கா எங்கிட்ட எத்தன தடவ பொலம்பியிருக்கா தெரியுமா? வேலையில பிரச்சினையா, ஒண்ணுமில்ல. கோவமா, ஒண்ணுமில்ல. காய்ச்சல் நூத்திரெண்டு, அப்பவும் ஒண்ணுமில்ல. அவன் வாயத் தெறக்க வெக்க உங்கிட்ட ஏதாவது மெஷின் இருக்காடின்னு கேப்பா. வந்துட்டேன்லாம் ஒரு பொய்யா மாமா? அத எல்லாரும்தான் சொல்றோம். அதுக்குப் போயி யாராவது கேள்வி வெப்பாங்களா?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வந்த சொல் அதுவாகவே இருந்ததால்.

அப்புறம் இரண்டு பேரும் எழுத்துக்கு வந்தார்கள். இந்தச் சொல்லில் டாக்டரும் இல்லை, டீக்கடையும் இல்லை. ஆனால் எத்தனை 'என்', எத்தனை 'எல்'? மச்சினி தன் கைபேசியைப் புரட்டினாள். அக்கா அவளுக்கு அந்தச் சொல்லை எழுதியிருக்கிறாள், பல தடவை. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

"அவளுக்கு எழுத்துல ஒழுங்கே கெடையாது மாமா. 'என்' எப்பவும் ரெண்டு. 'எல்'தான் எடத்துக்கு எடம் மாறுது. சாதாரணமா சொன்னா ரெண்டு. கோவம் வந்தா நாலு, அஞ்சுன்னு போகுது. இதோ இங்க ஒம்பது போட்டிருக்கா. அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"தேதி என்ன?"

சொன்னாள்.

"தெரியல. ஒண்—" நிறுத்திக்கொண்டான்.

"இந்தக் கேள்விய வெச்சப்ப கோவமா இருந்தாளா?"

"இல்ல. ஆமை வந்த அன்னிக்கு வெச்சது. அன்னிக்கு முழுக்க சிரிச்சிட்டிருந்தா."

"சிரிச்சா எத்தன எல்?"

அது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

9

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. அவன் இரண்டு எல் போடுகிறான். திறக்கிறது. பொத்தானை அழுத்துகிறான். ஆமை, வேலைக்குப் போறேன், குறுக்க நிக்காத என்கிறது. அவன் தளத்தைத் தூக்கிக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறான். இந்தத் தடவை திரும்ப வைக்கவில்லை. ஆமை கூடத்தைப் பெருக்குகிறது, சமையலறைக்குப் போகிறது, படுக்கையறையில் அலமாரிக் கதவை முட்டிவிட்டுத் திரும்புகிறது. சுவரோரம் வந்து நிற்கிறது. இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் திரும்புகிறது. நின்று, அவள் குரலில் சொல்கிறது:

'                    '

இங்கேதான் நான் சிக்கியுள்ளேன். தடையை அகற்றவும்.

அந்த மேற்கோள் குறிகளுக்குள் இதுவரை போட்டுப் பார்த்தவை: 'வழி தெரியல.' 'வீட்ட எங்க வெச்ச?' 'தொலைஞ்சுட்டேன், தேடு.' 'இருட்டா இருக்கு.' 'நீ எங்க இருக்க?' [இது பரவாயில்லை. இல்லை, இதுவும் இல்லை.] மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றும் தொண்டையை அடைக்கும். அதுதான் கோளாறு. அவள் அதைச் சொல்ல முடியாமல் மூன்று தடவை சிரித்தாள். நான் எழுதியதில் ஒன்றுகூடச் சிரிப்பை வரவழைக்கவில்லை. அவள் வாயில் நான் வைப்பதெல்லாம் அவள் போன பிறகு எழுதப்பட்டவை. அவள் பதிந்தது போவதற்கு முன்னால்.

வலப்பக்கக் காலியை நிரப்புவதுதான் தொழில். இது நிரம்பவில்லை.

முடிவு இரண்டு. எல் கணக்கு தப்பிவிடுகிறது. கணக்கு பூட்டிக்கொள்கிறது. ஆமை இனி எப்போதும் அவன் தமிழையே பேசும். அவன் காலுறையை எடுத்து அலமாரியில் வைக்கிறான். இது நடக்கக்கூடியது. எழுதப் பிடிக்கவில்லை.

முடிவு மூன்று. பெட்டியின் முன்னால் உட்காரும்போது அவனுக்கு ஒன்று தோன்றுகிறது. அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று, போயிட்டு வரேன் என்று

இது வேண்டாம். நன்றாக வரும், தெரியும். வாசித்துவிட்டு நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள். நம் மொழி அந்தச் சொல்லில் தானாகவே அழும். அவள் அன்று சொன்னது, அடுப்ப அணைச்சியா என்பதுதான்.

நாலாவதாகவும் ஒன்று யோசித்தேன். அந்த ஒரு முயற்சியை அவன் பயன்படுத்தாமலே வைத்துக்கொள்கிறான். ஆறாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டானே, அதுபோல. தவறு செய்யாதவரை கதவு திறக்கக்கூடும் என்றே இருக்கும். ஆனால் வைத்துக்கொண்டதால்தானே இந்தக் கதி. ஆறு மணிக்கு மேல் அந்த முயற்சி யாருக்கு?

10

இதுவரை சொல்லாமல் விட்டது ஒன்று. இன்று முப்பதாம் நாள். காலை எட்டு மணிக்கு இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் அவன் அந்தப் பெட்டியில் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதனால்தான் மூன்று தொடக்கம், நாலு முடிவு, அடைப்புக்குறி எல்லாம். கொஞ்சம் நீண்டுவிட்டது என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். இப்போது மணி ஐந்தரை.

சற்று முன் மச்சினி கூப்பிட்டாள். போட்டீங்களா என்றாள். இல்லை என்றான். ஏன் என்றாள். அப்புறம் கேட்டாள்.

"என்னாச்சு மாமா?"

அவன் வாயைத் திறந்தான். அந்தச் சொல் வழக்கம்போல் முன்னால் வந்து நின்றது. அதை உள்ளே தள்ளினான். அதன் இடத்தில் சொல்ல வேறு ஒன்றைத் தேடினான். மச்சினி வைக்கவில்லை. காத்திருந்தாள். பின்னால் யாரோ வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம் கேட்டது. அவளிடம் அவன் கடைசியில் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதவில்லை. அது நாற்பது எழுத்துக்கு மேல் போயிற்று. பேச்சுவழக்கில் இருந்தது.

இப்போது பெட்டி திறந்திருக்கிறது. 'ஒண்ணுமி' வரைக்கும் தட்டியிருக்கிறான். [தட்டியிருக்கிறேன்.] 'என்' இரண்டு, சந்தேகமில்லை. அதற்கப்புறம் கோடு விட்டுவிட்டுத் துடிக்கிறது.

மீதியை நீங்கள் போடுங்கள். எனக்கு அவளைத் தெரியும், அதனால் என்னால் முடியவில்லை. உங்கள் வீட்டிலும் இந்தச் சொல் புழங்கும். யாரோ என்னாச்சு என்று கேட்டு, நீங்கள் இதையே சொல்லியிருப்பீர்கள். கேட்டவர் நம்பியிருக்க மாட்டார். நம்பாமல் சிரித்துக்கொண்டே அவர் இதை எழுதினால் எத்தனை எல் போடுவார் என்று யோசியுங்கள்.

அத்தனை போடுங்கள்.